ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2: கைதேர்ந்தவரிடம் ஆட்டம் கற்பது எப்படி?

ராஜ்யம் கட்டிப் போரிடும் கணினி விளையாட்டான ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 வெளிவந்தது 1999இல். பிரவுசிங் சென்டரிலும் காலேஜ் ஹாஸ்டலிலும் லேன் கேபிள் இழுத்து ஆடிய கூட்டத்துக்கு இப்போது நாற்பது வயதுக்கு மேல். 2019 நவம்பரில் டெஃபினிட்டிவ் எடிஷன் என்ற புதுப்பித்த பதிப்பு வந்ததும் அவர்களில் பலர் திரும்பி வந்துவிட்டார்கள். புதிதாக நுழைகிறவருக்குச் சிக்கலே அதுதான். எதிரில் இருப்பவர் நீங்கள் பள்ளியில் படித்த காலத்திலிருந்தே ஆடுகிறவராக இருக்கலாம்.

யூடியூப் பார்த்தே கற்றுக்கொள்ளலாமே என்றால், ஓரளவுக்கு முடியும். ஹெரா, தி வைப்பர் போன்ற முன்னணி ஆட்டக்காரர்கள் ஆடுவதைப் பார்த்தால் ஆட்டம் எப்படி இருக்க வேண்டும் என்று தெரியும். ஆனால் உங்கள் ஆட்டம் ஏன் அப்படி இல்லை என்பதை அவர்கள் சொல்லப்போவதில்லை. அதைச் சொல்ல, உங்கள் ஆட்டத்தைப் பார்க்கிற ஓர் ஆள் வேண்டும்.

அப்படி ஆள் கிடைத்தும் வீணடிப்பவர்கள்தான் அதிகம். தினமும் அவரோடு ஒண்டிக்கு ஒண்டி ஆடுவது, இருபது நிமிடத்தில் தோற்பது, "செமயா ஆடுறீங்க ப்ரோ" என்று தட்டிவிட்டுத் தூங்கப் போவது. இதில் அவருக்கும் பொழுது போகாது, உங்களுக்கும் எதுவும் ஏறாது.

அவரிடம் போவதற்கு முன்

எந்தப் பொத்தான் எதற்கு என்று கேட்டு அவர் நேரத்தைத் தின்னாதீர்கள். ஆட்டத்துக்குள்ளேயே 'ஆர்ட் ஆஃப் வார்' என்று பயிற்சிகள் இருக்கின்றன. தொடக்கப் பொருளாதாரம், வேகமாகக் காசில் ஏஜ் (ஆட்டத்தின் மூன்றாவது யுகம்) போவது, முற்றுகை என்று தனித்தனியாகப் பிரித்து, வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று பதக்கமும் கொடுக்கும். தொடக்கப் பொருளாதாரப் பயிற்சியில் வெள்ளியாவது வாங்கிவிட்டுப் போங்கள். மற்றதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டு ஹாட்கீ விரலில் இருக்க வேண்டும். அமைப்புகளை மாற்றாமல் வைத்திருந்தால், எச் அழுத்தினால் டவுன் சென்டர் என்ற மையக் கட்டடம், அடுத்து கியூ அழுத்தினால் ஒரு வில்லேஜர், அதாவது வேலை செய்யும் குடியானவர். படையை நடத்திக்கொண்டிருக்கும்போதும் கண் அந்தப் பக்கம் போகாமல் இடது கை இதைச் செய்ய வேண்டும். வேலையில்லாமல் நிற்கும் வில்லேஜரைக் காட்ட முற்றுப்புள்ளிப் பொத்தான். வயல் தானாகத் திரும்ப விதைத்துக்கொள்ளும் வசதியையும் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஆட்கள் சிலர் அதைப் பார்த்து மூக்கைச் சுளிப்பார்கள், கண்டுகொள்ள வேண்டாம்.

யாரைப் பிடிப்பது

ரேங்க்டு (தரவரிசை) ஆட்டத்தில் எல்லாரும் 1000 எலோ, அதாவது தரப் புள்ளியில் ஆரம்பிக்கிறார்கள். புதியவர் முதல் சில ஆட்டங்களில் அடி வாங்கி, தன் மட்டத்துக்கு இறங்கி வந்து நிற்பார். நீங்கள் 700இல் நிற்கிறீர்கள் என்றால் 1200, 1300இல் இருப்பவர் தாராளமாகப் போதும். 2000க்காரர் கிடைத்தால் பெருமைதான், ஆனால் அவருக்கு உங்கள் திண்டாட்டம் மறந்துபோயிருக்கும். உணவுக்கான காட்டுப்பன்றியை உங்களால் ஏன் டவுன் சென்டருக்குக் கூட்டி வர முடியவில்லை என்று அவருக்குப் புரியவே புரியாது.

இந்த ஆட்டத்துக்கான டிஸ்கார்ட் குழுக்களில் கற்றுக்கொடுக்க ஆர்வமுள்ளவர்கள் இருக்கிறார்கள். ஆபீஸ் சீனியர், சித்தப்பா மகன் என்று பழைய ஹாஸ்டல் ஆட்டக்காரர் யாராவது பக்கத்திலேயே இருந்தால் இன்னும் நல்லது. காசு வாங்கிக் கற்றுக்கொடுப்பவர்களும் உண்டு. பணம் கட்டுவதற்கு முன் உங்கள் ஒரே ஒரு ரீப்ளேயை (ஆட்டத்தின் பதிவை) பார்த்துக் கருத்துச் சொல்லச் சொல்லுங்கள். "ஸ்பீடு பத்தல" என்று மட்டும் சொன்னால் வேறு ஆளைத் தேடுங்கள். 1000 எலோவுக்குக் கீழே யாரும் விரல் வேகம் பத்தாமல் தோற்பதில்லை.

முதல் பாடம் கணக்கு

சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். இந்த ஆட்டத்தில் சட்டி என்பது டவுன் சென்டர், சுருக்கமாக டிசி. ஒரு வில்லேஜருக்கு 50 உணவு, உருவாக 25 நொடி. ஆட்டம் 1.7 மடங்கு வேகத்தில் ஓடுவதால் நம் கடிகாரத்தில் அது 15 நொடிக்கும் குறைவு. காசில் ஏஜ் வரும்வரையாவது அந்த வரிசை காலியாகவே கூடாது. கேட்க எளிது. ஆரம்ப நிலை ஆட்டக்காரரில் இதைச் செய்பவர் அநேகமாக யாரும் இல்லை.

அதனால் ஆசான் முதலில் உங்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியது போர்த் தந்திரம் இல்லை, இந்தக் கணக்குதான். ஸ்கவுட் குதிரைகளோடு தொடங்கும் பிரபலமான பில்ட் ஆர்டர் (எதை எப்போது உருவாக்குவது என்ற திட்டம்) ஒன்றில் ஜனத்தொகை 21 ஆனதும் இரண்டாவது யுகமான ஃபியூடல் ஏஜுக்குக் கிளிக் பண்ணுவார்கள். ஆட்டம் தொடங்கும்போதே 3 வில்லேஜர், 1 ஸ்கவுட் இருக்கிறார்கள். ஆக, புதிதாக உருவாக்க வேண்டியது 17 பேர். ஆளுக்கு 25 நொடி என்றால் 425 நொடி. வில்லேஜரின் உயிரைக் கூட்டும் லூம் ஆராய்ச்சிக்கு இன்னொரு 25. மொத்தம் 450 நொடி, அதாவது ஏழரை நிமிடம். டிசி ஒரு நொடிகூடச் சும்மா நிற்காவிட்டால் ஆட்டக் கடிகாரத்தில் 7:30க்குக் கிளிக் விழுந்துவிடும். நீங்கள் 9 நிமிடத்தில் கிளிக் செய்திருந்தால் ஒன்றரை நிமிடம் எங்கேயோ ஒழுகியிருக்கிறது. அது மூன்றரை வில்லேஜர். அவர்கள் வெட்டியிருக்க வேண்டிய மரமும் சேர்த்துப் போச்சு.

எங்கே ஒழுகியது என்று கண்டுபிடிக்கத்தான் ஆசான்.

ரீப்ளேயை வைத்து உட்காருங்கள்

ஒவ்வொரு ஆட்டமும் தானாகவே பதிவாகிறது. தோற்ற ஆட்டம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஜெயித்ததைக் கொண்டுபோனால் அவர் பாராட்டிவிட்டுப் போய்விடுவார். எதிரி மிகப் பெரிய ஆளாக இருந்த ஆட்டமும் வேண்டாம். உங்கள் மட்டத்து ஆளிடம் தோற்றதாக இருக்கட்டும். அனுப்புவதற்கு முன் நீங்களே ஒருமுறை ஓடவிட்டு, டிசி சும்மா நின்ற இடங்களைக் கடிகார நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். திரையின் மேலே இடப்பக்கம் என்னென்ன உருவாகிக்கொண்டிருக்கிறது என்று வரிசையாகக் காட்டும் வசதி உண்டு. அதில் வில்லேஜர் படம் மறையும் கணங்களைப் பிடித்தால் போதும்.

பிறகு அவரோடு குரல் அழைப்பில் அமருங்கள். முழு ஆட்டத்தையும் பார்க்க வேண்டியதில்லை, முதல் பன்னிரண்டு நிமிடம் போதும். பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்:

"ஏழரைல கிளிக் பண்ணிருக்கணும். நீ எப்ப பண்ண?"

"ஒன்பது ஆயிடுச்சுண்ணா."

"அந்த ஒன்றரை நிமிஷம் எங்க போச்சு?"

"அவன் ஸ்கவுட் வந்து என் ஆட்டத் தூக்கிட்டுப் போயிட்டான். அதத் துரத்திட்டு இருந்தேன்."

"எத்தன ஆடு?"

"ஒண்ணுதான்."

"ஒரு ஆடு நூறு சாப்பாடு தம்பி. நீ துரத்துன அம்பது செகண்ட்ல ரெண்டு வில்லேஜர் வந்திருப்பாங்க. போனா போகட்டும்னு விட்டுட்டு எச், கியூ அடிச்சிருக்கணும். சரி, மிச்சம் நாப்பது செகண்ட் எங்க?"

மிச்சம் நாற்பது பெரும்பாலும் வீட்டில் மாட்டியிருக்கும். தொடக்கத்தில் டிசி 5 பேருக்குத்தான் இடம் கொடுக்கும், நாம் ஆரம்பிப்பதே 4 பேரோடு. அதனால் முதல் நொடியிலேயே இரண்டு வீடு. அதற்கப்புறம் ஒவ்வொரு வீட்டுக்கும் 25 மரம் கொடுத்து 5 பேருக்கு இடம் வாங்குகிறோம். இடம் தீர்ந்த பிறகு "வீடு கட்டு" என்று ஆட்டமே சொல்லும்வரை காத்திருப்பவர்கள் தினமும் இதே நாற்பது நொடியை இழக்கிறார்கள். இடம் இன்னும் இரண்டு பேருக்கு இருக்கும்போதே ஒருவர் வீட்டுக்குக் கிளம்பிவிட வேண்டும்.

இந்த அமர்வில் உங்கள் வேலை காரணம் சொல்வதல்ல. "அப்ப நெட் விட்டுவிட்டு வந்துச்சு" என்பதெல்லாம் உண்மையாகவே இருக்கலாம், அதனால் பயன் ஒன்றுமில்லை. கேள்வியைச் சின்னதாகக் கேளுங்கள். "நான் எப்படி முன்னேறுவது?" என்று கேட்டால் பதிலும் மொட்டையாகத்தான் வரும். "ஆறாவது நிமிடத்தில் என்னிடம் 200 மரம் தேங்கி நிற்கிறது, அதை எதில் போட்டிருக்க வேண்டும்?" என்று கேட்டால், நல்ல ஆட்டக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவார்.

ஒரு அமர்வுக்கு ஒரு திருத்தம். அவர் பத்துக் குறை சொல்வார், சொல்லத்தான் செய்வார். "இதில் முதலில் எதை?" என்று கேட்டு ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு எழுந்துவிடுங்கள். அடுத்து ஆடும் ஆட்டங்களில் தோற்றாலும் பரவாயில்லை, அந்த ஒன்று சரியாகிறதா என்று மட்டும் பாருங்கள்.

பன்றியைக் கூட்டி வருவது

இதைத் தனியாகச் சொல்லக் காரணம், புதியவர்களின் உயிரை வாங்குவது இதுதான். காட்டுப்பன்றி ஒன்றுக்கு 340 உணவு, மூன்றரை ஆட்டுக்குச் சமம். வழக்கமான வரைபடங்களில் உங்கள் பக்கத்தில் இரண்டு இருக்கும். ஆடு மாதிரி ஓட்டி வர முடியாது. ஒரு வில்லேஜர் போய் அம்பு விட வேண்டும், அது வெறிகொண்டு துரத்தும், அவர் டிசி அடிவரை ஓடி வர வேண்டும். வில்லேஜரின் உயிர் 25 புள்ளிதான். லூம் போட்டால் 15 கூடும், அதற்கு 50 தங்கம். ஆரம்பத்தில் லூம் போட்டுவிட்டே பன்றிக்குப் போங்கள், அவமானமில்லை.

ஆசானை உங்கள் திரையைப் பார்க்கச் சொல்லிவிட்டு இதை மட்டும் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். தனி ஆட்டம் ஒன்று திறந்து, எதிரிக் கணினியை ஆக எளிதான நிலையில் வைத்து, இரண்டு பன்றியும் வந்ததும் மூடிவிட்டு மறுபடி ஆரம்பிக்கலாம். அவர் கவனிக்க வேண்டியவை இவை: அம்பு பட்ட உடனேயே திரும்பினீர்களா, அல்லது நின்று வேடிக்கை பார்த்தீர்களா? ஓடி வருபவர் நேர்கோட்டில் வந்தாரா, மரத்தில் முட்டிக்கொண்டாரா? பன்றி டிசி அடிக்கு வந்ததும், ஆடு அறுத்துக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரையும் மொத்தமாகப் பிடித்து அதன்மேல் ஏவினீர்களா, அல்லது ஒவ்வொருவராகக் கிளிக் பண்ணிக்கொண்டிருந்தீர்களா? ஓடி வந்தவரின் உயிர் குறைந்திருந்தால் அவரை டிசிக்குள் நுழைத்துவிடலாம்.

நேரம்தான் இதில் நுணுக்கம். அறுத்துக்கொண்டிருக்கும் ஆடு தீரும் நேரத்துக்குப் பன்றி வந்து நிற்க வேண்டும். முதல் பன்றியில் 150 உணவு வாக்கில் மிச்சம் இருக்கும்போதே இரண்டாவதற்கு ஆள் கிளம்ப வேண்டும். அடிபட்ட பழைய ஆள் போகக் கூடாது, உடம்பில் காயமில்லாத வேறொருவர்.

ஒரே நிறத்தில் இருவர்

பலருக்குத் தெரியாத வசதி ஒன்று இருக்கிறது. லாபியில் (ஆட்டம் தொடங்கும் முன் கூடும் அறையில்) இரண்டு பேர் ஒரே நிற எண்ணைத் தேர்ந்தெடுத்தால் இருவரும் ஒரே ராஜ்யத்தை ஆளலாம். அவர் கிளிக்கும் வேலை செய்யும், உங்கள் கிளிக்கும் வேலை செய்யும். கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல வழி இந்த ஆட்டத்தில் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

முதல் ஆட்டத்தில் பொருளாதாரம் முழுக்க உங்களுடையது, ஸ்கவுட்டும் படையும் அவருடையது. எதிரே நடுத்தர நிலைக் கணினி இருக்கட்டும். அவர் உங்கள் வில்லேஜரைத் தொடக் கூடாது என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கை பரபரத்து எல்லாவற்றையும் அவரே செய்துவிடுவார். நீங்கள் செய்கிற ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லுங்கள்: "அடுத்தவர் மரத்துக்கு, அதற்கடுத்து நாலு பேர் பெர்ரிக்கு." சொல்லும்போதே எங்கே தடுமாறுகிறீர்கள் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

21 ஜனத்தொகைத் திட்டத்தின் உருவம் ஏறக்குறைய இதுதான்: முதல் 6 பேர் ஆட்டுக்கு, அடுத்த 4 பேர் மரத்துக்கு, அடுத்தவர் பன்றியைக் கூட்டி வர, பிறகு 4 பேர் பெர்ரிக்கு, மீதிப் பேர் கறிக்கும் மரத்துக்குமாகப் பிரிவார்கள். 500 உணவு சேர்ந்ததும் கிளிக். ஃபியூடல் வர 130 நொடி ஆகும், அந்த இடைவெளியில் 175 மரத்துக்கு பேரக்ஸ் (படைமுகாம்), வந்து சேர்ந்ததும் இன்னொரு 175க்கு ஸ்டேபிள் (குதிரை லாயம்). ஆளுக்கு ஆள் ஒன்றிரண்டு எண் மாறும். உங்கள் ஆசான் சொல்லும் எண்ணையே பிடித்துக்கொள்ளுங்கள், மூன்று வீடியோவில் மூன்று விதமாகப் பார்த்துவிட்டு அவரிடம் பட்டிமன்றம் நடத்த வேண்டாம்.

இது ஓரளவு கைவந்ததும் மாற்றிக்கொள்ளுங்கள். பொருளாதாரம் அவருக்கு, படை உங்களுக்கு. அதுவரை பார்க்காத அளவுக்குப் படை வந்து குவியும்போது, நல்ல பொருளாதாரம் என்றால் என்ன என்று அப்போது விளங்கும்.

சொல்லி அடிக்கச் சொல்லுங்கள்

இனி அவரோடு ஒண்டிக்கு ஒண்டி ஆடலாம், ஆனால் ஒரு நிபந்தனையோடு. அவர் என்ன செய்யப்போகிறார் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். "பன்னிரண்டாவது நிமிஷத்துக்குள்ள மூணு ஸ்கவுட்டோட உன் மரவெட்டிங்க கிட்ட வருவேன். வேற எதுவும் செய்ய மாட்டேன்." நீங்கள் அதைத் தடுக்க வேண்டும், டிசியும் நிற்கக் கூடாது.

குதிரைக்கு ஈட்டி. 35 உணவும் 25 மரமும் கொடுத்தால் ஒரு ஈட்டிக்காரர். இரண்டு பேரை மரவெட்டிகள் பக்கத்தில் நிறுத்தினாலே ஸ்கவுட் யோசிக்கும். இதெல்லாம் படிக்கும்போது எளிதாகத்தான் தெரியும். நிஜமாக மூன்று குதிரை வந்து குத்தும்போது பதறி, மணியடித்து எல்லா வில்லேஜரையும் டிசிக்குள் அடைத்துவிட்டு, மணியை மறுபடி அடிக்க மறந்து அரை நிமிடம் யாரும் வேலை செய்யாமல் கிடப்பார்கள். குதிரை கொன்றதைவிட அந்த அரை நிமிடம்தான் அதிகம் தின்னும். சொல்லி அடித்த ஸ்கவுட் தாக்குதலைச் சேதமில்லாமல் தாங்கும்வரை அதையே ஆடுங்கள். பிறகு வில்லாளர்கள். வில்லுக்கு ஸ்கர்மிஷர் என்ற எறியீட்டிக்காரர், அல்லது காசில் ஏஜில் நைட் என்ற கனரகக் குதிரை வீரர். ஸ்கர்மிஷருக்குத் தங்கமே தேவையில்லை என்பதை மறக்காதீர்கள்.

உங்கள் இருவருக்கும் நடுவே இடைவெளி ரொம்பப் பெரிது என்றால், லாபியில் உள்ள ஹேண்டிகேப் அமைப்பைக் கூட்டி உங்கள் பக்கத்துக்குக் கொஞ்சம் பலம் கொடுத்துக்கொள்ளலாம்.

எந்த சிவ் (நாகரிகம்) எடுப்பது

நம் ஆட்கள் நேராகப் போவது திராவிடர்களுக்குத்தான். 2022இல் வந்த டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா தொகுப்பில் சேர்ந்த நாகரிகம் அது. வில்லேஜரைக் கிளிக் பண்ணினால் தமிழில் பதில் சொல்வார், ராஜேந்திர சோழனுக்கு ஒரு கேம்பெய்ன், அதாவது கதைத் தொடரே இருக்கிறது. கேம்பெய்னைத் தாராளமாக ஆடுங்கள். ரேங்க்டில் கற்றுக்கொள்ள மட்டும் அது வேண்டாம். திராவிடர்களுக்கு நைட் கிடையாது. காலாட்படையையும் கப்பலையும் நம்பி ஆடுவதற்குக் கொஞ்சம் அனுபவம் வேண்டும்.

பெரும்பாலான ஆசான்கள் ஃபிராங்க்ஸ் எடுக்கச் சொல்வார்கள். பெர்ரி வேகமாகப் பறிப்பார்கள், மில்லில் செய்யும் விவசாய ஆராய்ச்சிகள் இலவசம், குதிரைப் படைக்கு உயிர் கூடுதல். ஸ்கவுட்டில் ஆரம்பித்து நைட்டுக்குப் போகும் ஒரே பாதை, குழப்பமில்லை. ஒரே சிவ், அரேபியா என்ற ஒரே வரைபடம் என்று கொஞ்ச நாள் ஓட்டுங்கள். சலிப்பாக இருக்கும்தான், ஆனால் எது மாறியதால் தோற்றீர்கள் என்ற குழப்பம் வராது.

ரேங்க்டுக்குப் போகும்போது

ஆசானோடு ஜோடி சேர்ந்து ரேங்க்டு டீம் ஆட்டத்துக்குப் போகாதீர்கள். அவருடைய எலோ உயரமாக இருப்பதால் எதிரே வருகிறவர்களும் பலமானவர்களாக இருப்பார்கள், அவர்கள் முதலில் பிடிப்பது உங்களைத்தான். டீம் ஆட ஆசை என்றால் தெரிந்தவர்களை வைத்துத் தனி லாபி போடுங்கள். ரேங்க்டில் தனியாகவே ஆடுங்கள், அவர் விருப்பப்பட்டால் உங்கள் திரையைப் பார்க்கட்டும். ஆட்டம் நடக்கும்போது காதில் சொல்லிக்கொடுப்பது வேண்டாம், எதிரில் இருப்பவரும் உங்களை மாதிரித் தனியாக உட்கார்ந்து ஆடுகிறவர்தான்.

சாட் பெட்டியில் 11 என்று அடித்தால் சிரிப்புச் சத்தம் வரும், 30 அடித்தால் பாதிரியாரின் "வொலோலோ". நண்பர்களோடு தாராளமாக அடிக்கலாம். முன்பின் தெரியாதவரை ஜெயித்துவிட்டு 11 அடிப்பது மட்டும் மரியாதையில்லை. தோற்றால் ஜிஜி (குட் கேம்) என்று போட்டுவிட்டு வெளியேறுங்கள். அப்புறம் அந்த ரீப்ளேயைத் திறந்து ஃபியூடலுக்குக் கிளிக் செய்த நேரத்தைப் பாருங்கள். 8 நிமிடத்துக்குள் இருந்தால், அடுத்த முறை ஆசானிடம் சண்டையைப் பற்றிப் பேசலாம். அதைத் தாண்டியிருந்தால் மறுபடியும் பன்றிக்கும் வீட்டுக்கும் போங்கள்.